காப்பியடிக்க அனுமதி உண்டு

கம்ப்யூட்டரை எப்படிப் பத்திரமாக வைத்துக்கொள்வது என்று ஓர் அறிக்கை எழுதினார்கள். எழுதி முடித்ததும் முதல் காரியமாக அந்த அறிக்கையையே பூட்டி வைத்துவிட்டார்கள்.

ஜோக் இல்லை. 1970 பிப்ரவரியில் அமெரிக்காவில் நிஜமாகவே நடந்தது. கலிபோர்னியாவில் ராண்ட் கார்ப்பரேஷன் என்று ஓர் ஆய்வு நிறுவனம். அங்கே வில்லிஸ் வேர் என்றொரு எஞ்சினியர். அவர் தலைமையில் ராணுவத்துக்காக ஒரு குழு போட்டிருந்தார்கள். ஒரே கம்ப்யூட்டரைப் பல பேர், பல இடங்களில் உட்கார்ந்துகொண்டு, ஒரே சமயத்தில் உபயோகிக்க ஆரம்பித்திருந்த காலம் அது. ரகசிய ஃபைலைப் பார்க்க அனுமதி உள்ளவரும் இல்லாதவரும் ஒரே மெஷினில் வேலை பார்த்தால் என்ன ஆகும்? இதுதான் குழுவுக்கு வைத்த கேள்வி.

என்னவெல்லாம் ஆகும் என்று வேர் குழு பட்டியலே போட்டது. ஒயரில் ஒட்டுக்கேட்கலாம். ஆபரேட்டரே விலை போகலாம். ரிப்பேர் பார்க்க வந்த ஆசாமி, பாதுகாப்பு ஏற்பாட்டையே அணைத்துவிட்டுப் போகலாம். இன்றைக்கு எந்தப் பாதுகாப்பு நிபுணரைக் கேட்டாலும் சொல்வதில் பாதி அதில் உண்டு. ஆனால் மேலே 'ரகசியம்' என்று ஒரு முத்திரை. அது நீங்கியது 1975ல். ராண்ட் நிறுவனம் அதை எல்லாரும் படிக்கும்படி மறுபடி வெளியிட்டது 1979ல். அதுவரை ஒரு பேங்கிலோ பல்கலைக்கழகத்திலோ கம்ப்யூட்டரைக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தவர், பாவம், தானாகத்தான் யோசித்துக்கொள்ள வேண்டும்.

இன்றைக்கு நிலைமை நேர் எதிர். பாஸ்வேர்ட் கொள்கை, பேக்கப் கொள்கை, லேப்டாப் தொலைந்தால் யாருக்கு முதலில் போன் பண்ணவேண்டும் என்கிற கொள்கை... எல்லாம் யாரோ எழுதி, பொதுவில் வைத்து, 'எடுத்துக்கொள்ளுங்கள் ஐயா' என்று இணையத்தில் இலவசமாகக் கிடக்கிறது. நீங்கள் செய்யவேண்டியது கம்பெனி பெயரை மாற்றுவது மட்டும்தான். அல்லது, மட்டும்தானா என்பதுதான் இந்த வாரக் கதை.

இந்தக் காகிதமெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். நான் காமர்ஸ் படித்தவன். எனக்கு ஆடிட் உதாரணம்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆடிட்டர் கல்லாவைத் திறந்து நோட்டை எண்ணுவதோடு நிற்க மாட்டார். வவுச்சரில் யார் கையெழுத்துப் போடுவது என்று எழுதி வைத்திருக்கிறீர்களா என்பார். எழுதியபடி நடக்கிறதா என்பார். நடந்ததற்கு அத்தாட்சி எங்கே என்பார். கம்ப்யூட்டர் பாதுகாப்பு ஆடிட்டும் அச்சு அசல் இதேதான். தரமணியில் இருபது பேரை வைத்து சாஃப்ட்வேர் கம்பெனி நடத்துகிறவர், வெளிநாட்டு வாடிக்கையாளரைப் பிடித்துவிட்டார் என்று வையுங்கள். அந்தப் பக்கத்திலிருந்து வருகிற முதல் சில கேள்விகளில் ஒன்று: 'உங்கள் பாதுகாப்புக் கொள்கை ஆவணங்களை அனுப்ப முடியுமா?' இருபது பேரில் அதை எழுதத் தெரிந்தவர் யாரும் இருக்க மாட்டார். காப்பியடிக்காமல் என்ன செய்வார்?

சரி, பழைய கதைக்கு வருவோம்.

வேர் அறிக்கை பெட்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தபோது, வெளியே வேறொரு கோஷ்டி எதையும் பூட்டாமல் வேலை செய்துகொண்டிருந்தது. இன்டர்நெட்டின் தாத்தாவான அர்ப்பாநெட்டைக் கட்டிய பையன்கள். 1969 ஏப்ரலில் ஸ்டீவ் க்ராக்கர் என்கிற மாணவர் ஒரு குறிப்பு எழுதி நண்பர்களுக்கு அனுப்பினார். இதுதான் விதி என்று அதிகாரமாகச் சொன்னால் பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்களோ என்று பயம். அதனால் 'கருத்துச் சொல்லுங்கள் என்று வேண்டுகோள்' என்கிற அர்த்தத்தில் பணிவாக ஒரு தலைப்பு வைத்தார். ஆர்.எஃப்.சி. என்று அதற்குச் சுருக்கம். இன்றுவரை இணையத்தின் விதிகள் அந்தப் பெயரில்தான் வருகின்றன. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், பத்து பைசா கிடையாது.

அந்த வரிசையில் 602வது குறிப்பு, 1973 டிசம்பர் 27 தேதியிட்டது. எழுதியவர் பாப் மெட்காஃப். பிற்பாடு ஈதர்நெட்டைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவராகப் பெயர் வாங்கியவர். கிறிஸ்துமஸ் சமயமல்லவா? தலைப்பில் பண்டிகை வாசம் அடித்தாலும், உள்ளே இருந்தது புலம்பல். மக்கள் தங்கள் பெயரையே பாஸ்வேர்டாக வைக்கிறார்கள், கம்ப்யூட்டரின் பெயரைத் திருப்பிப் போட்டு வைக்கிறார்கள், கீபோர்டில் வரிசையாக இருக்கும் எழுத்துகளை அப்படியே தட்டி வைக்கிறார்கள் என்று வருத்தப்படுகிறார். ஒரு சிஸ்டத்தின் தலைமை பாஸ்வேர்டைக் கண்டுபிடித்துவிட்டவர்கள் யார் தெரியுமா? லாஸ் ஏஞ்சலீசைச் சேர்ந்த இரண்டு ஸ்கூல் பையன்கள்!

ஐம்பது வருஷத்துக்கு முந்தைய குறிப்பு. இன்று காலை எழுதியது மாதிரி இல்லை?

மெட்காஃப் கத்தியதை யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அரசாங்கம் தன் பங்குக்கு 1983 ஆகஸ்டில் ஒரு புத்தகம் போட்டது. இந்த முறை பூட்டவில்லை, பகிரங்கமாகவே. ஆரஞ்சு கலர் அட்டை என்பதால் 'ஆரஞ்சுப் புத்தகம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. பின்னாலேயே பச்சை, நீலம், சிவப்பு என்று கலர் கலராக வரிசை கட்டி வந்தன. எந்த கம்ப்யூட்டர் எவ்வளவு நம்பகம் என்று மார்க் போடும் திட்டம். அடிமட்டம் டி, உச்சம் ஏ1. அரசாங்கத்துக்குள் வந்த உத்தரவு, குறைந்தது சி2 தரமாவது 1992க்குள் வேண்டும் என்றது.

மார்க் என்று வந்துவிட்டால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாதா? 1995ல் விண்டோஸ் என்.டி. 3.5க்கு சி2 கிடைத்தது. எந்த நெட்வொர்க்கிலும் இணைக்காமல், தனியாக வைத்திருந்தால் மட்டுமே அந்த சான்றிதழ் செல்லும். அந்த சாஃப்ட்வேரை வாங்குவதே நெட்வொர்க்குக்காகத்தான்! நீந்தத் தெரியும் என்று சர்டிபிகேட். தண்ணீரில் இறங்காத வரை.

நடுவில் ஒன்றை விட்டுவிட்டேன். 1988 நவம்பர் 2. கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் ஒரு சின்ன புரோகிராமை எழுதி இணையத்தில் விட்டார். அது தானாகப் பரவி, ஏறத்தாழ ஆறாயிரம் கம்ப்யூட்டர்களை மூச்சுத் திணற வைத்தது என்பது அன்றைய மதிப்பீடு. அது உள்ளே நுழைந்த வழிகளில் ஒன்று, பாஸ்வேர்டை ஊகிப்பது. 432 சொற்கள் கொண்ட பட்டியலைக் கையோடு வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக முயற்சி பண்ணியது. மெட்காஃப் புலம்பி பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. இதில் வேடிக்கை, மாணவரின் அப்பா. அவர் பெயரும் ராபர்ட் மோரிஸ்தான். அப்போது தேசிய கம்ப்யூட்டர் பாதுகாப்பு மையத்தின் தலைமை விஞ்ஞானி அவர். கலர் கலராகப் புத்தகம் போட்டுக்கொண்டிருந்ததே, அதே மையம்.

அந்த அடிக்குப் பிறகுதான் பலருக்கு உறைத்தது. அரசாங்கம் புத்தகம் போட்டால் போதாது. ஒவ்வொரு கல்லூரியிலும் கம்பெனியிலும் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்கிறவன் கையில் ஏதாவது இருக்கவேண்டும். இணையத்துக்காரர்கள் கூடிப் பேசி 1991 ஜூலையில் ஒரு கையேடு கொண்டுவந்தார்கள். ஆர்.எஃப்.சி. 1244. நூறு பக்கம் சொச்சம். பல பேர் எழுதியதை பால் ஹோல்புரூக்கும் ஜாய்ஸ் ரெனால்ட்ஸும் தொகுத்தார்கள். 1997ல் திருத்திய பதிப்பு வந்தது.

என்னைக் கேட்டால், ஊருக்குப் பொதுவாக எழுதி வைத்த பாதுகாப்பு ஆவணங்களில் புத்திசாலித்தனமானது இதுதான். காரணம், இது எதையும் உத்தரவு போடவில்லை. கேள்வி கேட்டது. உங்கள் கம்ப்யூட்டரை யாரெல்லாம் உபயோகிக்கலாம்? அனுமதி கொடுக்கும் அதிகாரம் யாருக்கு? எது முறையான உபயோகம்? உள்ளே திருடன் புகுந்துவிட்டது தெரிந்தால் உடனே விரட்டுவீர்களா, விட்டுப் பிடிப்பீர்களா? இதற்கெல்லாம் நீங்களே உட்கார்ந்து பதில் எழுதுங்கள், அதுதான் உங்கள் கொள்கை என்றது. இதைக் காப்பியடிக்கவே முடியாது. கேள்வித்தாளைக் காப்பியடித்து யார் பாஸாக முடியும்?

ஆனால் அவசரக்காரர்களுக்கு வேண்டியது கேள்வித்தாளா? விடைத்தாள்.

விடைத்தாள் வேறு திசையிலிருந்து வந்தது. பிரிட்டனில் ஷெல் எண்ணெய் நிறுவனம். பல தேசங்களில் கிளை வைத்திருந்தவர்கள், தங்கள் ஆபீஸ்களுக்காக ஒரு தகவல் பாதுகாப்புக் கையேடு எழுதி வைத்திருந்தார்கள். பிரிட்டிஷ் வர்த்தக, தொழில் துறை இப்படி ஒரு பொது விதித்தொகுப்பு தயாரிக்க முனைந்தபோது, ஷெல் அந்தக் கையேட்டைக் கொடுத்துவிட்டது. சும்மா, இனாமாக. மற்ற பெரிய கம்பெனிகளும் கூட உட்கார்ந்தன. 1993ல் நடைமுறை விதிகள் என்று ஒரு நூல். 1995ல் அது பிஎஸ் 7799 என்கிற பிரிட்டிஷ் தரநிலை. 2000ல் ஐஎஸ்ஓ 17799 என்று உலகத்துக்கே. இன்னொரு பகுதி 2005ல் ஐஎஸ்ஓ 27001 ஆனது. இன்று கம்பெனி வாசல்களில் சர்டிபிகேட்டாகச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்களே, அதேதான்.

கவனித்தீர்களா? ஓர் எண்ணெய்க் கம்பெனியின் உள்வீட்டுச் சமாசாரம், இரண்டு பத்தாண்டு தாண்டுவதற்குள் உலகப் பொதுமறை. எண்ணெய்க் கம்பெனிக்குப் பொருந்தியது ஆஸ்பத்திரிக்கும் பொருந்துமா? தனக்கு எது பொருந்தும் என்று ஒவ்வொருவரும் தங்கள் ஆபத்தை எடைபோட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அந்தத் தரநிலையே சொல்கிறது. அந்தப் பக்கத்தை எத்தனை பேர் படிக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

இன்னொரு விசேஷம். இனாமாக வந்த சரக்கு, தரநிலை ஆனதும் விலைக்கு வந்துவிட்டது. ஐஎஸ்ஓ 27001, 2022 பதிப்பு, சுமார் இருபது பக்கம். விலை நூறு சுவிஸ் ஃப்ராங்குக்கு மேல். தரநிலை தயாரிக்கவும் திருத்தவும் செலவாகிறது, விற்றுத்தான் ஈடுகட்டுகிறோம் என்பது அவர்கள் தரப்பு. நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் என்னை எந்த விதியால் எடைபோடப் போகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளவே காசு கொடுக்கவேண்டும் என்பது ஒரு மாதிரி உறுத்துகிறது அல்லவா?

அமெரிக்காவில் அந்த உறுத்தல் இல்லை. மத்திய அரசு ஊழியர் வேலை நிமித்தம் எழுதியதற்கு அங்கே காப்புரிமை கிடையாது, சட்டமே அப்படி. அதனால் அவர்களுடைய தரநிலை நிறுவனமான நிஸ்ட் எழுதும் பாதுகாப்பு ஆவணங்கள் எல்லாம் இலவசம். 2000களின் தொடக்கத்தில் நிஸ்ட் இன்னொன்றும் செய்தது. அரசுத் துறைகளே தங்கள் பாதுகாப்புக் கொள்கை, நடைமுறைக் காகிதங்களைக் கொண்டுவந்து போட, மற்றத் துறைகள் எடுத்துக்கொள்ள, இணையத்தில் பொதுவாக ஒரு தொகுப்பு. துறை துறையாக ஒரே காகிதத்தை முதலிலிருந்து எழுதிக்கொண்டிருப்பானேன் என்பது எண்ணம்.

தனியார் பக்கத்தில் சான்ஸ் என்கிற பயிற்சி நிறுவனம் இதையே செய்தது. பல பேர் கூடி எழுதிய கொள்கை மாதிரிகள். யாரிடமும் அனுமதி கேட்கவேண்டாம், முழுசாகவோ பாதியாகவோ தாராளமாக உபயோகியுங்கள் என்று அதிலேயே அச்சிட்டிருந்தார்கள். கம்பெனி பெயர் வரவேண்டிய இடத்தில் கோணல் அடைப்புக்குறிக்குள் 'கம்பெனி பெயர்' என்று இருக்கும். நிரப்பிக்கொள்ள வேண்டியது நம் பொறுப்பு. சும்மா சொல்லக் கூடாது, பெரிய உபகாரம். வக்கீலோ ஆலோசகரோ வைத்துக்கொள்ள வசதியில்லாத ஆயிரம் சின்ன நிறுவனங்களுக்கு இதுதான் முதல் படி.

இப்போது அந்த உபகாரத்தின் மறுபக்கத்துக்கு வருகிறேன். அதில் நீங்களும் நானும் நேரடியாக மாட்டிக்கொண்டோம்.

உங்கள் ஆபீஸில் மூன்று மாசத்துக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றச் சொல்லித் தொல்லை பண்ணினார்களா? பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, ஆச்சரியக்குறியோ நட்சத்திரமோ ஒன்று வேண்டும் என்று திரை அடம்பிடித்ததா? நீங்களும் 'முருகன்@1' என்பதை 'முருகன்@2' ஆக்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தீர்களா? இந்தச் சடங்கை உலகம் பூராவும் பரப்பியதில் பெரிய பங்கு ஒரு சின்ன பின்னிணைப்புக்கு உண்டு. எழுதியவர் பில் பர். நிஸ்டில் நடுத்தர அதிகாரி. 2003ல் எழுதினார். எட்டே பக்கம்.

எதை வைத்து எழுதினார்? இங்கேதான் கதையே. அவர் செய்ய நினைத்தது சரியான காரியம். மனுஷர்கள் நிஜத்தில் எப்படிப்பட்ட பாஸ்வேர்ட் வைக்கிறார்கள் என்று பார்க்க ஆசைப்பட்டார். நிஸ்டின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களிடம் போய், ஊழியர்களின் பாஸ்வேர்டுகளைக் காட்டுங்கள் என்று கேட்டார். அவர்கள் அதிர்ந்தே போய்விட்டார்கள். முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். பாதுகாப்பு விதி எழுத ஆதாரம் கேட்டால், பாதுகாப்பு விதி தடுக்கிறது! வேறு வழியில்லாமல் எண்பதுகளின் நடுவில் எழுதிய ஒரு பழைய கட்டுரையை நம்பி எழுதி முடித்தார். அதாவது, அவரும் பழைய காகிதத்தைப் பார்த்துத்தான் எழுதினார்.

அடிக்கடி மாற்று, விசித்திரமான எழுத்துகளைச் சேர் என்பது அறிவுரை. அரசாங்க முத்திரை, அதுவும் இலவசம். யார் விடுவார்? துறைகள் எடுத்தன, பேங்குகள் எடுத்தன, மாதிரி ஆவணங்கள் எழுதுகிறவர்கள் எடுத்தார்கள், அதைப் பார்த்து மற்றவர்கள் எழுதினார்கள். கிரெடிட் கார்டு கம்பெனிகள் சேர்ந்து 2004 டிசம்பரில் கொண்டுவந்த பாதுகாப்பு விதிப்புத்தகத்தில் 90 நாள் என்று கெடுவே வைத்துவிட்டார்கள். ஒரு கட்டத்தில் இது எங்கிருந்து வந்தது என்பதே யாருக்கும் நினைவில்லை. எல்லாருடைய காகிதத்திலும் இருக்கிறது, ஆகவே சரியாகத்தான் இருக்கும்.

2010ல் வடக்கு கரோலைனா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மூன்று மாசத்துக்கொருமுறை மாற்றச் சொல்லும் பல்கலைக்கழகம் அது. உபயோகத்தில் இல்லாத பழைய கணக்குகளின் பாஸ்வேர்ட் வரலாறு கையில் கிடைத்தது. பர் கேட்டுக் கிடைக்காத அதே சரக்கு. பழைய பாஸ்வேர்ட் ஒன்று தெரிந்தால் அடுத்ததை ஊகிக்க முடியுமா? நூற்றில் 17 கணக்குகளில் ஐந்து முயற்சிக்குள்ளேயே முடிந்தது. மாற்று, மாற்று என்று விரட்டினால் ஜனங்கள் கடைசி எண்ணை மட்டும் மாற்றுகிறார்கள். முருகன்@2.

லோரி க்ரேனர் என்கிற பேராசிரியை 2016ல் அமெரிக்க வர்த்தக ஆணையத்தின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரியாகப் போனார். பாஸ்வேர்ட் பற்றியே வருஷக்கணக்கில் ஆராய்ந்தவர். போய்ச் சேர்ந்தால், பாஸ்வேர்டை அடிக்கடி மாற்றுங்கள் என்று பொதுமக்களுக்கு ஆணையமே புத்தி சொல்லிக்கொண்டிருக்கிறது. ஏன் இப்படிச் சொல்கிறீர்கள் என்று விசாரித்தார். வந்த பதில்: நாமே 60 நாளுக்கு ஒருமுறை மாற்றுகிறோமே, அப்படியானால் நல்ல அறிவுரையாகத்தானே இருக்கும்!

அதே 2016ல் நிஸ்ட் தன் ஆவணத்தைத் திருத்த உட்கார்ந்தது. திருத்தும் வரைவை ஜிட்ஹப் தளத்தில் தூக்கிப் போட்டது. புரோகிராமர்கள் தங்கள் வேலையை ஊரறிய வைத்துத் திருத்திக்கொள்ளும் இடம் அது. யார் வேண்டுமானாலும் வந்து, இந்த வரி தப்பு என்று சொல்லலாம். சொன்னார்கள். 2017 ஜூனில் வந்த புதிய பதிப்பு, கெடு வைத்து மாற்றச் சொல்லவேண்டாம் என்றது. திருடு போனதற்கு அறிகுறி தெரிந்தால் மாற்றினால் போதும். நீளமாக இருக்கட்டும், நட்சத்திரமெல்லாம் தேவையில்லை. இரண்டு மாசம் கழித்து, ஓய்வு பெற்றுவிட்ட பில் பர், 72 வயதில், ஒரு பத்திரிகையிடம் தான் எழுதியதில் பெரும்பாலானவற்றுக்காக வருத்தப்படுவதாகச் சொன்னார். யாரும் வற்புறுத்தவில்லை. பெரிய மனுஷர்தான்.

வில்லிஸ் வேரின் பெட்டியை நினைத்துப் பாருங்கள். பர் எழுதியது அப்படியொரு பெட்டிக்குள் இருந்திருந்தால் இவ்வளவு தூரம் பரவியிருக்காது. அது வாஸ்தவம். ஆனால் தப்பு என்று யாருக்கும் தெரிந்தும் இருக்காது.

திருத்தம் மட்டும் மூல ஆவணத்தின் வேகத்தில் பரவவில்லை. மைக்ரோசாஃப்ட் தன் விண்டோஸ் பாதுகாப்புப் பரிந்துரையிலிருந்து கெடுவை எடுத்தது 2019ல். கார்டு கம்பெனிகளின் 2022 பதிப்பில் 90 நாள் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. பாஸ்வேர்ட் ஒன்றைத் தவிர வேறு காவல் இல்லாத இடங்களுக்கு மட்டும், அதிலும் மாற்று வழி கொடுத்து. நிஸ்ட் 2025ல் ஒரு படி மேலே போய், கெடு வைத்து மாற்றச் சொல்லவே கூடாது என்று கண்டிப்பாக எழுதிவிட்டது. இலவச மாதிரிகளிலோ பழையதும் புதியதும் கலந்து கிடக்கின்றன. பழையதை இறக்கிக் கம்பெனி பெயரை நிரப்புகிறவருக்கு எது எந்தக் காலத்தது என்று எப்படித் தெரியும்?

தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. ஒழுங்காகத் தயாரித்த மாதிரி ஆவணங்களில் 'திருத்த வரலாறு' என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும், பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில். எந்தத் தேதியில், யார், எதை மாற்றினார் என்று அதில் போட்டிருப்பார்கள். தரமணி நண்பர் முதலில் அங்கே போகட்டும். தேதி 2017க்கு முந்தையதாக இருந்தால், பாஸ்வேர்ட் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு, தன் இருபது பேரையும் உட்காரவைத்து, அந்த 1991 கையேட்டின் கேள்விகளை ஒருமுறை கேட்கட்டும். அதுவும் இணையத்தில் இலவசம்தான்.